இடப்பெயர்களும் முதியோர் வாய்மொழியும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள மலைநாட்டிலும் அதனையடுத்த தீவுகளிலும் பன்னூறு ஆண்டுகளாக வழங்கிவருவது கேலிக் என்னும் மொழி. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஸ்காட்லாந்தில் அதனைப் பேச வல்லோர் ஏறத்தாழ 57,000 பேரே. ஆயினும், அங்குள்ள குன்றும் ஓடையும் பாறையும் வயலும் பெரும்பாலும் அம்மொழியிலேயே பெயர் பெற்றுள்ளன. ஒரு திருக்கோயிலைச் சார்ந்த ஊர்த்தொகுதியைப் பங்கு என்பர். பங்குதோறும் இப்பெயர்களையும் அவற்றின் பொருள்களையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.

நிலப்படங்கள் இருக்க இம்முயற்சி எதற்கு என்று சிலர் வினவுவர். 19-ஆம் நூற்றாண்டில் அரசின் நில அளவைத் துறையினர் ஊர்தோறும் சென்று பெயர்களைத் திரட்டினர். சான்று கூறியவர் இன்னார் என்பதையும் பெயரேடுகளில் குறித்தனர். அவ்வேடுகள் பெருஞ்செல்வமே. ஆனால், நிலக்கிழார், குருமார், பள்ளியாசிரியர் ஆகியோர் சொல்லுக்கே அங்கு மதிப்பு மிகுதி. ஒரு பாறையின் பெயரை நன்கு அறிந்தவர் யார்? அதனருகே நாள்தோறும் ஆடு மேய்த்தவர் அன்றோ?

எழுத்து வடிவம் மட்டும் எஞ்சினால் பொருள் மறைந்துபோம். கிங்யூசி என்று ஓர் ஊர் உண்டு. ஆங்கில எழுத்தில் அது அரசனைக் குறிக்கும் 'கிங்' என்ற சொல்லோடு தொடங்குவதாகத் தோன்றும். உண்மையில் அவ்வூருக்கும் அரசனுக்கும் தொடர்பில்லை. 'பைன்மரக் காட்டின் தலை' என்பதே அப்பெயரின் பொருள். காடு தொடங்கும் இடத்தைத் தலை என்றனர் அம்மக்கள். அவ்வாறே மலைத்தொடரை முதுகு என்றும், முன்னே நீண்ட மேட்டை மூக்கு என்றும், சரிவைத் தோள் என்றும் வழங்கினர். நிலத்தை ஓர் உடம்பாகக் கண்ட மக்களின் மனத்தை இப்பெயர்களே நமக்குக் காட்டுகின்றன.

'ஆரி' என்னும் சொல் இன்னும் அரியது. கோடையில் ஆநிரையை மேட்டுப்புல்வெளிக்கு ஓட்டிச் சென்று, பெண்டிரும் சிறுவரும் சிறு குடிலில் தங்கி, வெண்ணெயும் பாலடையும் செய்வர். அக்குடிலும் மேய்ச்சலிடமும் ஆரி எனப்பட்டன. இன்று ஆளரவமற்ற பல சரிவுகள் அப்பெயரைத் தாங்கியுள்ளன. பெயரையும் இழந்துவிட்டால், அங்கே கிடக்கும் கற்குவியல் வெறுங் கற்குவியலே.

பொருள் கூறுவதில் விழிப்பும் வேண்டும். லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்னும் ஊரின் பெயர் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. கேலிக் அகராதியை மட்டும் புரட்டுவோர் அதன் மூலத்தைக் காணார். செவிக்கினிய கதையைப் புனைந்து பெயருக்குப் பொருத்துவதைவிடப் பொருள் தெரியவில்லை என்று எழுதுவதே நன்று. கேலிக் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட வாட்சன் என்னும் அறிஞர் 1926-இல் வெளியிட்ட ஸ்காட்லாந்து இடப்பெயர் வரலாறு, பழைய எழுத்து வடிவங்களையும் மக்களின் ஒலிப்பையும் சேர்த்து ஆராய்ந்தது. அதுவே தக்க நெறி.

ஒலிப்பைக் காக்க ஏடு மட்டும் போதாது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1951-இல் தோன்றிய ஸ்காட்டிய ஆய்வுப்பள்ளி, ஊர் முதியோரின் குரலை ஒலிநாடாக்களில் பதிவு செய்தது. இன்று அதற்குப் பெரிய கருவியும் வேண்டா. பங்கிலுள்ள பள்ளிச் சிறுவர் தம் பாட்டியுடன் ஓடைக்கரை வரை நடந்து சென்று, அவர் சுட்டிய இடத்தையும் சொன்ன பெயரையும் பதிந்துகொள்ளலாம். சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். இப்பணியை அடுத்த கோடைக்குத் தள்ளிவைத்தல் ஆகாது. பாட்டிமாருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கின்றது.