சிடுமூஞ்சி என்று யார் சொன்னது?

ஓவியர் செஸானைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பலர் அவர் மனைவி ஓர்தான்ஸ் ஃபிகேயை ஒரு பிடி பிடித்துவிடுகிறார்கள். சிடுமூஞ்சியாம், புருஷனுக்கு அவள்மேல் ஆசையே இல்லையாம். ஆதாரம்? 29 எண்ணெய் வண்ணப் படங்களிலும் அந்த அம்மா சிரிக்கவில்லை!

நீங்கள் போய் உட்கார்ந்து பாருங்கள் சாமி. ஓவிய வியாபாரி வொல்லாரை 1899-ல் வரைந்தபோது 115 தடவை உட்கார வைத்தாராம். வொல்லாரே எழுதி வைத்திருக்கிறார். அசைந்தால் திட்டு வேறு. இதில் யாருக்குச் சிரிப்பு வரும்?

1885 வாக்கில் வரைந்த ஒரு தாளைப் பாருங்கள். தலையணையில் தலை சாய்த்தபடி ஓர்தான்ஸ் நம்மைப் பார்க்கிறார். முகம் வெறும் பென்சில் கோடுகள்தான். பக்கத்தில் ஒரு ஹைட்ரேஞ்சியா பூ, இலைகளில் பச்சை வண்ணம். அந்தப் பூவுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் தெரியுமா? ஓர்தான்ஸியா! ஆசையில்லாத மனுஷன் பெயரை வைத்து இப்படி விளையாடுவாரா?

அதற்காக அவரை உத்தமக் கணவர் என்று நான் சொல்லவில்லை. 1872-ல் மகன் பிறந்தும், வங்கிக்கார அப்பா பணத்தை நிறுத்திவிடுவார் என்று பயந்து குடும்பத்தையே ஒளித்து வைத்தார். கல்யாணம் 1886-ல்தான். (பயந்தது அவர், கெட்ட பெயர் அந்த அம்மாவுக்கு. நல்ல நியாயம்!)

லண்டன் கோர்ட்டால்டில் இன்னொரு பென்சில் படம் இருக்கிறது. ஓர்தான்ஸ் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார். துணியைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறீர்களா?