எல் நினோ வந்தால் ஓசோன் கூடுமா?

கேள்வி: எல் நினோ வருடத்தில் காற்றில் ஓசோன் கூடும் என்று வானொலியில் சொன்னார்கள். ஓசோன் நம்மைக் காக்கும் குடை என்றுதானே பள்ளியில் படித்தோம்? என் நிலக்கடலை இலையில் புள்ளிகள் உள்ளன. ஓசோன் பாதிப்பு என்று சொல்லி மருந்துக்கடையில் ஒரு டானிக் தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டானிக்கை வாங்க வேண்டாம். முதலில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஓசோன் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது புற ஊதாக்கதிரைத் தடுக்கும் குடை. தரையை ஒட்டி இருப்பது நஞ்சு. இதை யாரும் புகைபோக்கியில் விடுவதில்லை. வாகனப் புகை, எரியும் சருகு ஆகியவற்றிலிருந்து வரும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உருவாவது இது.

எல் நினோவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இந்தோனேசியாவில்தான் தெளிவாகத் தெரியும். சாதாரண வருடங்களில் அந்தத் தீவுகளைச் சுற்றிய கடல் நல்ல சூடு. வானைத் தொடும் மேகங்கள் எழும். அவை ஓசோன் குறைந்த கடல்காற்றை மேலே இழுத்துச் செல்லும். ஈரக் காற்றில் ஓசோன் சிதைந்தும் போகும். 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் எல் நினோவில் சூடான நீர் கிழக்கே நகர, மேகமும் மழையும் கூடவே போய்விடும். இந்தோனேசியாவின் மேல் மேகத்துக்குப் பதில் வறண்ட காற்று இறங்கும், உயரத்தில் உள்ள ஓசோனும் அதோடு வரும். பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் ஓசோன் குறையும். லா நினாவில் இது தலைகீழ்.

அதோடு விட்டதா? 1997-இல் மழை பொய்த்து, சுமத்ராவிலும் காலிமந்தானிலும் நிலம் திருத்த வைத்த தீ, மட்கிய செடிகள் தேங்கிய சதுப்பு மண்ணுக்குள் இறங்கி மாதக்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையும் ஓசோனைக் கூட்டியதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. 2015-லும் பெரும் தீ. கடலை மனிதன் கட்டுப்படுத்த முடியாது, தீயை முடியும்.

பயிர் பாதிப்பு உண்மைதான். ஓசோன் இலைத்துளை வழியே நுழைந்து பச்சையத்தைக் கெடுக்கும், இலை சீக்கிரம் முதிரும். 2005-இல் இந்தியாவில் கோதுமையில் சுமார் 35 லட்சம் டன்னும் நெல்லில் சுமார் 21 லட்சம் டன்னும் இதனால் இழப்பு என்பது ஒரு கணக்கீடு. தண்ணீர் நன்றாகக் கிடைக்கும் பயிரின் இலைத்துளை திறந்தே இருப்பதால் அதற்குத்தான் பாதிப்பு அதிகம். அதற்காகப் பாசனத்தை நிறுத்திவிடக் கூடாது!

இனி கடலை. ஓசோன் என்றால் முதிர்ந்த இலையின் மேல்பக்கம், நரம்புகளுக்கு இடையில் ஊசி குத்தியது போல வெளிறிய அல்லது பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அடிப்பக்கம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அடியில் நூலாம்படையும் நகரும் சிறு பூச்சியும் தெரிந்தால் சிலந்திப்பேன். மஞ்சள் வளையத்தோடு வட்டப்புள்ளி, அல்லது அடியில் கருப்புப் புள்ளி என்றால் டிக்கா இலைப்புள்ளி நோய். வயலில் பெரும்பாலும் காண்பது இந்த இரண்டும்தான். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஓசோனுக்கென்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கும் ரசாயனம் உண்டு, ஆனால் அது வயலுக்கான பரிந்துரை அல்ல.

சந்தேகம் இருந்தால், புள்ளி விழுந்த இலையும் விழாத இலையும் உள்ள ஒரு செடியை வேரோடு பிடுங்கி, வாடுவதற்குள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டலாம். அங்கே பார்க்கக் கட்டணம் கிடையாது.