தொழில் மாறுவோரும் தொழிலால் தேற்றுவோரும்

'தொழில்' என்னும் சொல்லை நம் அன்றாட வழக்கு மிகச் சுருக்கிவிட்டது. "தம்பிக்கு என்ன தொழில்?" என்று ஒருவர் வினவின், "மாதம் எவ்வளவு சம்பளம்?" என்பதே அவ்வினாவின் உட்கிடை. இலக்கணம் அச்சொல்லை அங்ஙனம் சுருக்கவில்லை. உண்ணல், நடத்தல், உறங்கல் யாவும் தொழிற்பெயர்களே. முற்றம் கூட்டுதலும் தொழில். பிள்ளைக்குத் தலைவாருதலும் தொழில். தேநீர் வைத்து வந்தவர்க்குக் கொடுத்தலும் தொழில். இப்பரந்த பொருளையே அடிப்படையாகக் கொண்ட மருத்துவத்துறை ஒன்றுளது. அதனைத் தொழில்வழிச் சிகிச்சை என்பர். கூலிக்குச் செய்யும் வேலையை மட்டும் அது கருதுவதன்று. மனிதன் தன் நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தையும் கருதுவது.

ஆசிரியப் பணியிலோ எழுதுவினைஞர் பணியிலோ பல்லாண்டு கழித்தவர்கள் அதனை விடுத்து இத்துறைக்கு வருதலும், உளநோயுற்றார்க்குத் துணைநிற்பதில் தம் வாழ்பணியைக் காணுதலும் வெளிநாடுகளில் இன்று அரியனவல்ல. நம்மவரோ நாற்பதில் தொழில் மாறுபவரை 'ஆற்றிலொரு கால், சேற்றிலொரு கால்' என்று எள்ளுகின்றோம். இவ்வெள்ளல் பொருந்துமா? சுருவில், வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்னும் தீவகத்து ஊரார்க்கு இவ்வினா வெறும் சொற்போர்க்குரியதன்று. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண், இச்சிகிச்சை செய்வது யாது? உளப்பிளவை போன்ற நீடித்த நோய்களில் மருந்தினால் விளையும் நன்மை பெரிது. இல்லாத குரல்கள் கேட்டலையும் காரணமற்ற அச்சத்தையும் அது தணிக்கும். ஆயினும், நோய் பறித்துச் சென்ற முயற்சியையும் ஒழுங்கையும் மருந்து ஒன்றே முழுதும் மீட்டுத் தருவதில்லை. குரல்கள் அடங்கிய பின்னும் சிலர் விடிந்தும் எழார், குளியார், எவரோடும் பேசாது திண்ணையில் இருப்பர். வீட்டாரோ, "பாவம், இருக்கட்டும்" என்று சோற்றை முன்னே வைத்து வேலையை அப்பால் அகற்றுவர். அன்பினாற் செய்யப்படும் இச்செயலே அவரை மேலும் செயலற்றவராக்கிவிடும்.

தொழில்வழிச் சிகிச்சையாளர் புகும் இடம் இதுவே. தேநீர் வைத்தலை எடுத்துக்கொள்வோம். அடுப்பை மூட்டல், நீரை அளத்தல், கொதிவரக் காத்திருத்தல், தேயிலையும் சீனியும் இடுதல், வடித்தல், இன்னொருவர் கையிற் கொடுத்தல் என அது பல படிகளாக விரியும். நோயாளர் எப்படியிலே தடைப்படுகின்றார்? தொடங்க இயலவில்லையா, வரிசை மறந்துபோகின்றதா, பிறர்முன் செல்லக் கூசுகின்றாரா என்று சிகிச்சையாளர் நோக்குவர். நோக்கியபின் செயலை அவர் ஆற்றலுக்கேற்பச் சுருக்குவர். இன்று நீரைக் கொதிக்க வைத்தல் மட்டும். அடுத்த கிழமை முழுத்தேநீர். அதன்பின் கடைக்குச் சென்று சீனி வாங்கி மீதிக்காசை எண்ணிப் பெறுதல். கொடுக்கும் துணையையும் படிப்படியே குறைப்பர். அரிச்சுவடி கற்பித்த ஆசிரியர் எவர்க்கும் இம்முறை புதிதன்று.

இனி, இத்துறையைத் தோற்றுவித்தவர் யாவர் என நோக்குவோம். 1796இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில், உளநோயாளரை விலங்கிடாது தோட்டவேலையும் தையலும் தந்து மனிதராக நடத்திய இல்லத்தை நிறுவியவர் வில்லியம் டியூக். அவர் மருத்துவரல்லர்; தேயிலை வணிகர். அமெரிக்காவில் ஜோர்ஜ் பார்ட்டன் என்பவர் கட்டடக் கலைஞர். சயரோகமும் பக்கவாதமும் அவரை வீழ்த்தின. மரவேலையாலும் தோட்டவேலையாலும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்ட அவர், 1914இல் கிளிப்ரன் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில் தம்போன்றோர்க்கு ஓர் இல்லம் திறந்தார். 1917 மார்ச்சில் அவ்வில்லத்திலேதான் இத்துறையின் முதற் சங்கம் உருவாயிற்று. கூடிய அறுவருள் மருத்துவர் ஒருவரே. ஏனையோருள் ஒருவர் கைப்பணி ஆசிரியை, ஒருவர் சமூகப்பணியாளர், ஒருவர் பார்ட்டனின் செயலாளர். தொழில் மாறி வந்தவர்களாலேயே பெரிதும் கட்டப்பட்ட துறை இது என்பது இதனாற் பெறப்படும்.

நமக்கு அணித்தான சான்றும் உண்டு. 1900இல் அமெரிக்காவிற் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, பம்பாயிற் சிறார் கல்வியில் ஈடுபட்டிருந்தவர் கமலா நிம்ப்கர் அம்மையார். நாற்பது வயது கடந்தபின் அவர் அமெரிக்கா சென்று தொழில்வழிச் சிகிச்சையை மாணவியாக இருந்து கற்றார். மீண்டு வந்து, பம்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் 1950இல் அத்துறைக்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடக்கினார்; 1952இல் அகில இந்தியச் சங்கத்தையும் நிறுவினார். ஐம்பதாம் வயது ஓய்வை எண்ணும் வயதென்பார் இவ்வரலாற்றை எண்ணிப்பார்த்தல் நன்று.

பிற துறைகளுக்கு மாறுவோர் பழைய தொழிலைக் கழற்றி வைத்துவிட்டே உட்புகுதல் வேண்டும். இத்துறையிலோ பழைய தொழிலே கருவியாகின்றது. ஆசிரியர்க்குப் படிமுறை தெரியும். நெசவாளிக்குக் கையின் பழக்கம் தெரியும். கணக்கர்க்குக் காசின் ஒழுங்கு தெரியும். தாமே ஒருமுறை வாழ்வை மாற்றியமைத்தவராதலின், நோயால் வாழ்வு மாறியவரின் தடுமாற்றமும் அவர்க்கு விளங்கும். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு நில்லாது, அருகிருந்து பணிபுரிபவனையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காக வகுத்தார். அந்நான்காம் கூற்றை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

மறத்தலின் விளைவைக் கடலுக்கு அக்கரையிலே கண்டோம். இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், உளநோயாளரைச் சங்கிலியிற் பிணித்து வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றிற்று. ஓட இயலாது மாண்டோர் 28 பேர். அக்கரையென்று நாம் ஆறியிருத்தலாகாது. சங்கிலி இரும்பினாலேதான் ஆகவேண்டும் என்பதில்லை. 'விசர்' என்ற ஒரு சொல்லினாலே ஆயுள் முழுதும் ஒருவரைத் திண்ணையிற் கட்டிவைக்க நம்மாலும் இயலும்.

தீவகத்தின் நிலை யாது? 1990இல் போர் சூழ்ந்தபோது ஊர்கள் பெயர்ந்தன. 2009இல் போர் ஓய்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இழந்தவை உயிரும் உடைமையும் மட்டுமல்ல. தந்தையிடம் மகன் வலைபின்னக் கற்றலும், தாயிடம் மகள் ஓலையிழைக்கக் கற்றலும், தோட்டத்தில் அயலார் கூடி உழைத்தலும் அறுந்தன. போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே வடுப்படுத்துகின்றது எனப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலம் எழுதிவந்துள்ளார். ஊரின் செயலே சிதைந்தவிடத்து, நோயாளரை மீட்டும் செயலிற் சேர்த்தல் இரட்டிப்பு அரியதாகின்றது.

இதனோடு தூரமும் சேர்கின்றது. நெடுந்தீவிலுள்ள ஒருவர் தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநலப் பிரிவை அடைய, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பேருந்திற் பண்ணைப்பாலம் கடந்து, யாழ்நகரில் மீண்டும் பேருந்தேற வேண்டும். தனியே முற்றம் தாண்டத் தயங்குபவர்க்கு இப்பயணம் எளிதோ? மருந்தைப் பொதிசெய்து கொண்டுவரலாம். செயலைப் பொதிசெய்தல் இயலாது. அவரவர் அடுப்படியிலும் தோட்டத்திலும் கரையிலுமே அது நிகழ்தல் வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியோடு சுகாதாரப் பணியாளர் பலர் நாடு நீங்கியமை இக்குறையைப் பெருக்கிற்று.

ஆயின் வாயிலோ குறுகியது. இவ்வகைப் பணிகளுக்கான அரச பயிற்சிக்கு, விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் சித்தியெய்திய இளைஞரையே வயதெல்லை வகுத்துச் சேர்த்தல் பெருவழக்கு. தமிழும் கலையும் கற்ற பட்டதாரிகள், பொறுமையும் ஊரறிவும் வாய்ந்தவராயினும், வெளியிலேயே நிற்பர்.

இரக்கமுடையார் யாவரையும் வைத்தியராக்குக என்பது எம் கருத்தன்று. உடற்கூறும் உளவியலும் கல்லாதார் நோயாளரைத் தொடுதல் தீங்கு. சிகிச்சையென்ற பெயரில் நோயாளரைக் கூலியின்றி வேலைவாங்குதல் அதனினும் தீங்கு. வேண்டுவன இவை: முதிர்ந்த பட்டதாரிகளும் ஆசிரியர்களும் அடிப்படை விஞ்ஞானத்தைக் கற்று உட்புகுதற்கு ஓர் இணைப்புக் கல்வி, அதனை நடத்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முன்முயற்சி, பயின்றோர்க்கு ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நிலையான பதவி. பதவியின்றிப் பயிற்சி மட்டும் அளித்தல், கப்பலேற்றி அனுப்புதற்கு ஆள் திரட்டுதலாகவே முடியும்.

தமிழறிஞர்க்கும் இதிற் பங்குண்டு. நோயாளரின் வீட்டார் படித்து விளங்கத்தக்க தமிழில் கைந்நூல்கள் வேண்டும்; இகழ்ச்சி தோயாத நோய்ப்பெயர்கள் வேண்டும். இலக்கிய வட்டங்கள் ஆண்டுக்கொரு கருத்தரங்கை இதற்கு ஒதுக்குமாயின், அதுவும் தமிழ்த்தொண்டே.

மாணாக்கர்க்கு நாம் கற்பிக்கும் எளிய இலக்கணம் ஒன்றுண்டு. எச்சம் தனித்து நில்லாது. தன்னை முடிக்கும் சொல்லை நாடி நிற்கும். திண்ணைகளில் எச்சமாய் நிற்போர் நம் ஊர்களில் உளர். அவர்தம் வாழ்வு முற்றுப்பெறத் துணைபுரியும் பணிக்கு ஒருவர் நாற்பதில் வந்தாலென்ன, ஐம்பதில் வந்தாலென்ன? வருபவரை வயது வினவி மறித்தல் அறிவுடைமையன்று.