ஆற்றோரப் பங்களாவும் லயன் அறையும்

கொத்மலை ஓயா, மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியன பாயும் மலைச்சாரல்களில், தோட்டத்துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல உல்லாசப் பயணிகளின் ஓய்வில்லங்களாக மாறியுள்ளன. நீர்த்தேக்கத்தை நோக்கிய விறாந்தை, விறகெரியும் கணப்பு, படுக்கையருகே வந்துசேரும் தேநீர் ஆகியனவே அங்கு விலைபேசப்படுகின்றன. இயற்கையைச் சுவைத்தல் என இதற்குப் பெயர் சூட்டப்படுகின்றது. உண்மையில் விற்கப்படுவது இயற்கையன்று. ஓரிரு நாள் துரையாக வாழும் வாய்ப்பே ஆகும்.

இயற்கை எனப்படும் அக்காட்சியில் மனிதன் கைபடாதது சிறிதே. கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின்னரும், காடழித்துக் கான் வெட்டி அம்மலைகளைப் பசுமையாக்கியது தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பாகும். காசல்றீ, மவுசாக்கலை நீர்ப்பரப்புகளும் 1960களில் அணைகட்டித் தேக்கப்பட்டவையே. அத்தொழிலாளரின் பரம்பரை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே வெறும் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டது. எஞ்சியோரின் பிள்ளைகளுட் பலர் இன்றும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். விறாந்தையில் அமர்ந்திருப்போர்க்கு அந்த லயன் தொலைவில் தெரியும் ஒரு கூரை. கொழுந்து பறிக்கும் பெண் புகைப்படத்துக்கு ஓர் அலங்காரம்.

இதனால் தோட்டத்து இளைஞர்க்கு வேலை கிடைக்கின்றதே என வாதிடுவோர் உளர். கிடைப்பது மெய்யே; எவ்வுழைப்பும் இழிந்ததன்று. ஆயின், பாட்டன் துரைக்கு ஏந்திய தட்டையே பேரன் பயணிக்கு ஏந்துவானாயின், மாறியது எசமானின் முகமேயன்றி உறவன்று. நாட்கூலி 1000 ரூபா என்பது சட்டமாவதற்கே 2021 வரை போராடவேண்டியிருந்த மக்களுக்கு, பங்களாவின் ஓரிரவு வாடகை எத்தனை நாள் உழைப்பென்பதைக் கணக்கிடத் தனிக் கல்வி வேண்டியதில்லை.

சிக்கலின் வேர் காணியிலேயே உள்ளது. 1992இல் கம்பெனிகளிடம் நிர்வாகம் கையளிக்கப்பட்ட பெருந்தோட்டங்களின் நிலம் அரசுக்குரியது. அந்நிலத்தில் விருந்தினருக்குப் புற்றரை அமைக்க இடமுண்டு. தலைமுறைகளாக உழைத்தோர் உறுதியுடன் 7 பேர்ச் காணி கேட்கும்போது மட்டும் இடமில்லாது போகின்றது.

உல்லாசப் பயணத்துறை மலையகத்துக்கு வேண்டாமென்பதன்று வாதம். தொழிலாளர் குடும்பத்துக்குச் சொந்தக் காணியும் வீடும் உரித்தாகுக. அதன்பின் அவர்கள் தம் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கி விருந்தினரை வரவேற்கவும், ஆற்றின் அழகு ஈட்டும் பணத்தைத் தாமே பெறவும் இயலும். சொந்த வீடு இல்லாதவனிடம் விருந்தோம்பலை எதிர்பார்ப்பது நீதியன்று; அவனைப் பிறர் வீட்டு விருந்துக்கு ஏவலாளாக்கி, அதனை அபிவிருத்தி என்பது அதனினும் பெரிய அநீதியாகும்.