ஒரு சதவீதமும் ஒரு மலைப்பாதையும்

கம்பெனிக்காரர்கள் கையில் இப்போது ஒரு சொல் இருக்கிறது: பன்முகத்தன்மை. 'சம வாய்ப்பு அளிக்கும் நிறுவனம்' என்று வேலை விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். சரி, அந்த வரியை வெள்ளிமலையில் நின்று படித்துப் பார்ப்போம்.

கல்வராயன் மலையில் ஜாகீர் ஒழிந்தது 1976இல்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே வருஷம் வந்ததுதான். இது தாத்தன் பூட்டன் காலத்துக் கதையில்லை. ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டிகிரி முடித்துவிட்டு வேலை கேட்டு நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீதம் கிடைத்தது 1990இல். அதற்கு முன் நம்மோடு சேர்த்து 18 சதவீதத்துக்குள் அடக்கம். மலைக்காரர் பங்கு எவ்வளவு என்று கணக்கில் தெரியவே தெரியாது. சரி, ஒன்று வந்துவிட்டது. அதைத் தொட சாதிச் சான்று வேண்டுமே! நமக்குத் தாசில்தார் தருகிறார். பழங்குடிக்கு 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர்தான் தரவேண்டும். தாலுகா ஆபீஸ் வெள்ளிமலையில், கோட்டாட்சியர் கள்ளக்குறிச்சியில். விசாரணை என்று வந்தால் சாதியின் பெயரே சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. 'மலையாளி'யா, கேரளாவா? பேருக்குப் பின்னால் 'கவுண்டர்' இருக்கே, அப்புறம் எப்படிப் பழங்குடி?

பொய்ச் சான்றைத் தடுக்கத்தான் இவ்வளவு கெடுபிடி என்கிறார்கள். தடுக்கவேண்டியதுதான். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழு அமைக்கச் சொன்னது. பொய்ச் சான்றில் வாங்கிய வேலை நிற்காது என்று 2017இல் மறுபடியும் சொன்னது. ஆனால் பொய்யனுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது, வழக்கை வருஷக்கணக்கில் இழுக்கிறான். மெய்யானவனிடம் பஸ் காசு இல்லை, விண்ணப்பக் கடைசித் தேதியைத் தாண்டிப்போகிறான்.

வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். 'தகுதி, திறமை' பேச்சு தினம் காதில் விழும். 2019இல் பாரத ஸ்டேட் வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் தமிழ்நாட்டுக் கட்-ஆஃப் என்ன தெரியுமா? பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர் மூவருக்கும் 61.25. பழங்குடிக்கு 53.75. முன்னேறிய சாதி ஏழைகளுக்கான 10 சதவீதத்தில் 28.5. அந்தப் பிள்ளைகள் மீது நமக்குக் கோபமில்லை. கேள்வி இதுதான்: பொதுப்பிரிவுக்குச் சமமாக நம் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கி நின்ற அன்று, தகுதி பேசியவர்கள் எங்கே போனார்கள்?

தனியார் கம்பெனியில் கட்-ஆஃபும் கிடையாது, பதிவேடும் கிடையாது. ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு வேறாக விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும். தலித் பெயருக்கு அழைப்பு குறைவு, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு என்று 2007இல் எழுதினார்கள். பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறவன்தான் பன்முகத்தன்மை பேசுகிறான்.

சாதிச் சான்றே கேட்காத ஆளெடுப்பு ஒன்றும் உண்டு. மேஸ்திரி எடுப்பது. முன்பணம் கொடுத்தால் போதும், லாரி ஏறிவிடலாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் இருபது தமிழகத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இப்படிப்பட்ட மலைகளின் பிள்ளைகள். நேர்வழியில் வேலை இல்லாத இடத்தில் அந்த லாரிதான் வேலைவாய்ப்பு அலுவலகம்.

அரசமைப்பின் 16(4)ஆம் பிரிவு பேசுவது இரக்கத்தை அல்ல, அலங்காரத்தையும் அல்ல. போதிய பிரதிநிதித்துவத்தை. அது கம்பெனி தரும் சலுகையில்லை, நமக்கு வரவேண்டிய பாக்கி.

எனவே மாணவத் தோழர்களே, கோஷத்தோடு கொஞ்சம் காகித வேலையும் செய்வோம். பள்ளியிலேயே சான்று கொடு என்று கேட்போம். எந்தப் பணியிடம் யாருக்கு என்று சொல்லும் ரோஸ்டர் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். நிரப்பாத பழங்குடி இடங்கள் எத்தனை என்று ஒவ்வொரு அலுவலகமாகக் கேட்போம். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்று கேட்போம். 18க்காகப் போராடுகிறவர்கள் அந்த 1க்காகவும் போராடவேண்டும். மலைக்காரர் எண்ணிக்கையில் குறைவு. அதனாலேயே அவர்கள் இடத்தை விழுங்குவது மற்றவனுக்குச் சுலபமாக இருக்கிறது.