நட்டத்தைக் கட்டுபவர் வெளியாளா?

ஒரு செயல்முறையின் எல்லையை வரையறுக்க, நிறுவனத்துக்குள் வேலை பார்ப்பவர்களைக் கேட்டாலே போதும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். கேட்க வேண்டியவர்கள் பட்டியலில் வெளியாட்களையும் சேர்த்தால் தேவைகள் பெருகும், திட்டம் கரை சேராது என்பது அவர் வாதம். சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் படிக்கும் மாணவர்கள் இதை நம்பிவிடக் கூடாது. இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அமைப்பின் எல்லையைக் காட்டும் கான்டெக்ஸ்ட் டயகிராமில் நடுவே இருப்பது ஒரே ஒரு வட்டம். மற்றதெல்லாம் அதைச் சுற்றியுள்ள வெளித்தரப்புகளும், அவர்கள் தருவதையும் பெறுவதையும் காட்டும் அம்புகளும்தான். எல்லைக் கோட்டைக் கடந்து எது போகிறது, எது வருகிறது என்று தெரியாதவர் எங்கே கோடு போடுவார்? எல்லையை முடிவுசெய்துவிட்டு வெளியாட்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையே தலைகீழானது.

விளைவு என்னவாகும் என்பதற்கு பிரிட்டன் தபால்துறையின் ஹொரைசன் கணக்கு மென்பொருளே சாட்சி. 1999 முதல் கிளைகளுக்குள் வந்த அதை அன்றாடம் இயக்கியவர்களில் பெரும்பாலோர் சம்பள ஊழியர்கள் அல்லர். ஒப்பந்தத்தின்பேரில் கிளை நடத்திய சுயதொழில் செய்பவர்கள். பற்றாக்குறை வந்தால் பொறுப்பு அவர்கள் தலையில். 2005க்குப் பிறகு, கணக்கு முடிக்கும் நாளில் திரையில் பணம் குறைந்தால் அதை மறுத்துப் பதிய அந்தத் திரையில் இடமே இல்லை. கைக்காசைப் போட வேண்டும், அல்லது கடனாக ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கணக்குக் காலத்தைத் தொடங்க முடியாது.

மென்பொருள் பிழைகளே பொய்யான பற்றாக்குறைகளைக் காட்டியதாக 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் ஹொரைசன் தொடர்பான வழக்குகளில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டிருந்தனர். தண்டனைகளை ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. நிர்வாகத்தின் பிடிவாதத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் நட்டத்தைக் கட்டப்போகிறவரை உரிய தரப்பாக மதித்து வடிவமைத்திருந்தால், ‘இந்தக் கணக்கை ஏற்கவில்லை’ என்று பதிய ஒரு வழியாவது திரையில் இருந்திருக்கும்.

தேவைகள் பெருகும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. ஒருவரை அடையாளம் காண்பது வேறு, அவர் கேட்பதையெல்லாம் செய்துகொடுப்பது வேறு. கேட்டு, எடைபோட்டு, முடியாததை முடியாது என்று காரணத்தோடு எழுதிவைப்பதுதான் பகுப்பாய்வாளரின் வேலை. கேட்காமலே விடுவது சிக்கனமாகாது. செலவை எளியவர் தலையில் கட்டுவதாகும்.

எந்த எல்லைக் கோட்டுக்கும் ஒப்புதல் தருமுன் ஒரு கேள்வி போதும்: இது தவறினால் யார் கையிலிருந்து காசு போகும்? அவர் பெயர் பட்டியலில் இல்லையென்றால் அந்த ஆவணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.