மோட்டார் ஓடும்போது அளந்து பாருங்கள்

கேள்வி: மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 300 மீட்டர் தூரம். 2.5 எம்.எம். காப்பர் ஒயரில் 5 ஹெச்.பி. மோட்டார் ஓட்டுகிறேன். இந்த வருடம் இரண்டு முறை காயில் எரிந்துவிட்டது. கிணற்றடியில் 410 வோல்ட் வருகிறது, மோட்டாரில்தான் குறை என்கிறார்கள். எலுமிச்சை காய்கிறது. புது மோட்டார் வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், ராயகிரி, தென்காசி மாவட்டம்.

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 410 வோல்ட், மோட்டார் நின்றிருந்தபோது எடுத்த அளவு என்றால் அதை நம்ப வேண்டாம். ஒயரில் குறையும் வோல்ட் என்பது ஆம்பியரையும் ஒயரின் தடையையும் (ஓம்) பெருக்கி வருவது. 1827-ல் ஜெர்மனியின் ஓம் வெளியிட்ட விதி இதுதான். மோட்டார் நின்றால் ஆம்பியர் பூஜ்யம். எனவே எவ்வளவு மோசமான ஒயரும் முழு வோல்ட்டேஜ் காட்டும்.

ஓடும்போது உங்கள் மோட்டார் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். 300 மீட்டர் ஒயருக்குத் தடை சுமார் 2.2 ஓம். மும்முனைக் கணக்கில் 25 வோல்ட் வழியிலேயே போய்விடும். மீட்டர் பெட்டியில் கிளம்புவது, ஒயர் தின்றதும் மோட்டாருக்குக் கிடைத்ததும் சேர்ந்ததுதான். பெட்டியிலேயே 380 வோல்ட் வரும் நேரத்தில், மோட்டாருக்கு 355 மிஞ்சும். ஸ்டார்ட் செய்யும்போது ஆம்பியர் ஐந்தாறு மடங்கு ஏறுவதால் இன்னும் குறையும்.

'வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையுமே, பிறகு எப்படி எரியும்?' என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குண்டு பல்பு அப்படித்தான் மங்கும். மோட்டாரோ அதே தண்ணீரை மேலே தூக்கியாக வேண்டும். அதனால் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் 20 சதவீதம் கூடினால் காயிலில் சூடு 44 சதவீதம் கூடும்.

எலக்ட்ரீஷியனை வைத்து, மோட்டார் ஓடும்போதே பெட்டியிலும் கிணற்றடியிலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் குறை ஒயரில். 6 எம்.எம். காப்பர் போட்டால் இழப்பு 10 வோல்ட்டுக்கு இறங்கும். வெறுமனே முறுக்கிச் சுற்றிய இணைப்புகளையும் பாருங்கள். ஒரு ஓம் தடை இருந்தாலே அங்கு 56 வாட் சூடு, டேப் கருகியிருக்கும்.

பெட்டியிலேயே 390-க்குக் கீழ் என்றால் குறை மின்வாரிய லைனில். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மின்னகம் 94987 94987 எண்ணிலும் பதியலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டரில் ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் அளவைக் கூட்டி வைக்கிறார்கள். மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம்.